மீண்டவர் கொணர வேண்டிய பண்டம்

'செலவு' என்னும் சொல்லுக்குத் தமிழில் இருபொருள் உண்டு. ஓரிடம் நோக்கிச் செல்லுதல் ஒன்று; கைப்பொருள் கழிதல் மற்றொன்று. பொருள்தேடப் பிரியக் கருதிய தலைவன், தலைவியின் வாட்டங் கண்டு தயங்கி நிற்றலைச் 'செலவழுங்கல்' என்று நம் முன்னோர் பெயரிட்டனர். வினைமுடித்தவன் தேரை விரைந்து செலுத்துமாறு பாகனை ஏவி ஊர்நோக்கி மீளுதலை முல்லையின் பாற்படுத்தினர். செல்வதற்கு ஒரு துறையும் மீள்வதற்கு ஒரு துறையும் வகுத்த இனத்தார் நாம். ஆயினும் என்ன? இன்று செல்வோர் தொகை பெருகியுள்ளதேயன்றி, எவ்வாறு மீள வேண்டும் என்னும் அறிவு நம்மிடைப் பெருகியதாகக் காணோம்.

வெளிநாடு சென்று மீள்வோருள் இருவகையரை நாம் நாள்தோறும் பார்க்கின்றோம். வானூர்தியினின்று இறங்கிய நொடிமுதல் தெருவின் குப்பையையும் பேருந்தின் நெரிசலையும் சுட்டிக்காட்டி, 'இந்த ஊர் உருப்படுமா?' என்று முகஞ்சுளிப்பவர் ஒருவகையர். நம் இட்டலிக்கு ஈடுண்டா, நம் கோயிலுக்கு இணையுண்டா என்று கூறிக்கொண்டே, சென்றவிடத்தில் எதனையும் காணாது மீள்பவர் மற்றொரு வகையர். முன்னவர் தம் வீட்டை இழந்து வருகின்றார். பின்னவர் வீட்டைவிட்டுப் போகவே இல்லை. இருவர் பெட்டியினுள்ளும் இருப்பவை ஒன்றே: இனிப்புக் கட்டிகள் சில, குளிர்பெட்டியின் கதவில் ஒட்டும் காந்தப் பொம்மைகள் சில, கைப்பேசியிற் படங்கள் ஓராயிரம்.

இவ்விரண்டிலும் சேராத மூன்றாம் மீட்சி ஒன்று உண்டு. சென்ற நாட்டினின்று ஓர் அளவுகோலைக் கொணர்ந்து, அதனால் தன் வீட்டை அளந்து, குறைந்த இடத்தை நிரப்ப முற்படுதலே அது. அத்தகைய மீட்சியைப் பற்றியே இங்குப் பேச விழைகின்றேன்.

2025ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், யானும் என் கல்லூரித் தோழர் ஒருவரும் வியன்னா, பிராகு, புடாபெசுட்டு, இலியூபிலியானா ஆகிய நான்கு நகரங்களைப் பதினாறு நாளிற் கண்டு மீண்டோம். பள்ளியாசிரியர் இருவர் ஐரோப்பா சென்றனர் என்றவுடன் செல்வச் செருக்கு என்று எவரும் எண்ண வேண்டா. ஈராண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. நுழைவிசைவுக் கட்டணமே ஆளுக்கு 90 யூரோ. அதனோடு 30,000 யூரோவிற்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கின் படி, பணியிற் தொடர்கின்றோம் என்பதற்கு எழுத்துச் சான்று ஆகியனவும் வேண்டும். 'இவன் தன் வீட்டிற்குத் திரும்பிவிடுவான்' என்று மெய்ப்பித்தவனுக்கே அந்நாடுகளின் வாயில் திறக்கின்றது. மீட்சியை உறுதிசெய்த பின்னரே செலவு தொடங்குகின்றது.

தங்கியது, ஓரறையில் எண்மர் படுக்கும் அடுக்குக் கட்டில் விடுதிகளில். காலையில் உரொட்டியும் தயிரும். பகலில் அங்காடியில் வாங்கிய பழமும் பாலடைக் கட்டியும். இரவில் விடுதியின் பொது அடுக்களையில் யாமே வடித்த சோறும், ஊரிலிருந்து கொண்டுசென்ற பருப்புப் பொடியும் ஊறுகாயும். நகர்விட்டு நகர் செல்லத் தொடர்வண்டியும் பேருந்தும். நகருக்குள் ஒரு நாட்சீட்டும் இரண்டு கால்களும். குடிநீருக்கு மட்டும் காசில்லை. வியன்னாவின் குழாய்களில் வருவது ஆல்ப்சு மலையின் ஊற்றுநீர். அம்மலையூற்றிலிருந்து நகருக்கு முதல் நீர்வழியை 1873இலும் இரண்டாவதை 1910இலும் அந்நகரத்தார் அமைத்தனர். அரண்மனையில் வாழ்பவனுக்கும் அடுக்குக் கட்டிலிற் படுப்பவனுக்கும் ஒரே நீர்.

இவ்வெளிய செலவே எமக்குக் கண்களைக் கொடுத்தது என்பேன். பெருஞ்செல்வர் சென்றால் வானூர்தி நிலையத்தில் ஆங்கிலம், விடுதியில் ஆங்கிலம், வழிகாட்டி வாயில் ஆங்கிலம், உணவுப் பட்டியலில் ஆங்கிலம் என்று ஆங்கிலத்தால் நெய்த உறை ஒன்றினுள் இருந்தவாறே ஊரைச் சுற்றி மீள்வர். அவர் காண்பது கட்டடங்களை, மக்களையன்று. கையிற் காசு குறைந்தவனோ அவ்வுறையிலிருந்து வெளியே தள்ளப்படுகின்றான். புறநகர் நிலையத்தில் வண்டிநேரப் பலகையின்முன் நிற்கின்றான். காசிட்டுத் துணிதுவைக்கும் பொறியின்மேல் எழுதியிருப்பதை எழுத்துக்கூட்டிப் பார்க்கின்றான். தெருமுனைக் கடையில் உப்பு எது, சருக்கரை எது என்று தெரியாமல் திகைக்கின்றான். அங்கேதான் அந்நாட்டு மொழி தன் உண்மையான வாழ்க்கையை வாழ்ந்துகொண்டிருக்கின்றது. விழாமேடையில் அன்று; உப்புப் பொட்டலத்தின்மேல்.

புடாபெசுட்டில் என் தோழர்க்கு நடந்து நடந்து காலிற் கொப்புளம் எழுந்தது. மருந்துக்கடை தேடினோம். வாயிலின் மேலிருந்த நீண்ட சொல்லின் பொருளைப் பின்னர்க் கேட்டறிந்தோம்: நோய்நீக்கும் பொருளைச் சேர்த்துவைக்கும் இடம் என்பது அதன் பொருள். அந்நகரின் தெருவில் காவலரைச் சுட்டும் சொல் 'ஒழுங்கு காப்பவர்' எனப் பொருள்படும். வானூர்தி நிலையம் அவர்க்குப் 'பறக்கும் வெளி'. பெருந்தொடர்வண்டி நிலையம் 'தடமுற்றம்'. கணினி 'கணக்கிடும் பொறி'. இவை பண்டிதர் ஏட்டில் உறங்கும் சொற்கள் அல்ல. காய்கறி விற்கும் பெண்ணும் மின்வண்டி ஓட்டும் இளைஞனும் நாளும் வழங்கும் சொற்கள். வேர்ச்சொல்லினின்று புதுச்சொல் ஆக்கினால் மக்கள் ஏற்கமாட்டார். நகைப்பார் என்று நம்மிடம் ஓயாது கூறுவோர் அந்நகரத் தெருவில் ஒருநாள் நடந்து வருதல் நன்று.

அங்கேரிய மொழி, தன்னைச் சூழ்ந்துள்ள சுலாவிய, செருமானிய, உருமானிய மொழிகளோடு உறவற்றுத் தனித்து நிற்பது. நம் மொழியைப்போன்றே பெயரின் பின்னே உருபுகளை அடுக்கிச் செல்லும் ஒட்டுநிலை மொழி. தமிழர் தந்தை பெயரை முன்வைத்து எழுதுதல்போல அவரும் குடிப்பெயரை முன்வைத்தே எழுதுகின்றனர். கால்டுவெல் பெருமகனார் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் திரவிட மொழிகளை அம்மொழி சார்ந்த 'சித்தியக்' குடும்பத்தோடு ஒப்பிட்டார். அவ்வுறவு மெய்ப்பிக்கப்படவில்லை, ஆதலின் அதனைக் கொண்டு நாம் மகிழ்வதற்கு ஒன்றுமில்லை. உறவின்றியே கற்றுக்கொள்ளத் தக்கவை அங்கே நிரம்ப உள்ளன.

பிராகு நகரிலும் அவ்வாறே. ஐரோப்பாவின் பெரும்பகுதி கிரேக்க வழிச்சொல்லால் குறிக்கும் நாடக அரங்கினைச் செக்கர் 'திவாத்லோ' என்று தம் சொல்லாற் குறிக்கின்றனர். இசைக்கும் அவர்க்குத் தம் சொல் உண்டு. சனவரி முதலாக ஆண்டின் பன்னிரு திங்கட்கும் இலத்தீன் பெயர்களை விடுத்துத் தம் மொழிப் பெயர்களையே நாட்காட்டியில் அச்சிட்டுத் தொங்கவிட்டுள்ளனர். வியன்னாவின் செருமானியரோ தொலைக்காட்சியைத் 'தொலைவிற் காண்டல்' எனவும், வானூர்தி நிலையத்தைப் 'பறப்புத் துறைமுகம்' எனவும் வழங்குகின்றனர்.

இனி, இலியூபிலியானா. சுலோவேனிய நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 21 இலக்கம். நம் சென்னை மாநகரின் மக்கள்தொகையிற் பாதியையும் எட்டாத சிறு நாடு. அதன் தலைநகரின் நடுமன்றில் நிற்பது அரசன் சிலையன்று, படைத்தலைவன் சிலையன்று. பிரான்சே பிரெசேரன் என்னும் பாவலர் சிலை, 1905இல் நிறுவப்பெற்றது. அவர் மறைந்த பிப்பிரவரி 8ஆம் நாள் அந்நாட்டின் பண்பாட்டுத் திருநாள், பொது விடுமுறை. அவர் பாட்டின் ஒரு பகுதியே நாட்டுப்பண். கடையில் யாம் கொடுத்து மீண்டும் பெற்ற காசுகளைத் திருப்பிப் பார்த்தோம்: அந்நாட்டார் அடித்த இரண்டு யூரோக் காசில் பிரெசேரன், ஒரு யூரோக் காசில் பிரிமோசு துருபார். 1550இல் சுலோவேனிய மொழியின் முதல் அச்சு நூலை வெளியிட்டவர் இத்துருபார். தமிழெழுத்தில் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சேறியது 1578இல். அச்சேறிய அகவையில் இரு மொழிக்கும் இடையே 28 ஆண்டுகளே. ஆனால் காசில் ஏறியவர் யார், பாடப்பொத்தகத்தின் ஒரு மூலையோடு நின்றவர் யார் என்பதை எண்ணிப் பார்மின்.

அந்நகரில் யோசே பிளெச்சுனிக்கு என்னும் கட்டடக் கலைஞர் வகுத்து, 1936 முதல் 1941 வரை எழுப்பப்பெற்ற நாட்டு நூலகம் உள்ளது. வாயிலுள் நுழைந்தால் மங்கிய ஒளியில் கருங்கற் றூண்களுக்கிடையே படிகள் மேலேறுகின்றன. ஏறி முடித்தால் இருபுறமும் உயர்ந்த பலகணிகளால் ஒளி பெருகும் படிப்பறை. அறியாமை இருளினின்று அறிவொளிக்கு ஏறுதல் என்னும் கருத்தைக் கல்லாற் கட்டிவைத்துள்ளார். 21 இலக்கம் மக்கள் தம் மொழி நூல்களுக்குக் கட்டிய வீடு அது. மற்றொன்றுஞ் சொல்வேன். ஒருமை, பன்மை ஆகியவற்றிடையே இருவரைக் குறிக்கும் இருமையெண்ணும் அம்மொழியில் இன்றும் வழக்கில் உள்ளது. 'குழந்தைகட்குக் கடினம், எளிமையாக்குக' என்று எவரும் அதனை வெட்டியெறியவில்லை. விடுதியின் அடுக்களையில் அவ்வூர் மாணவர் ஒருவர் எம் இருவரையும் சுட்டி, எமக்கெனத் தனி ஈறு உண்டென்று விளக்கியபோது இலக்கண ஆசிரியனாகிய என் நெஞ்சு குளிர்ந்தது.

'அங்கெல்லாம் ஆங்கிலம் இல்லையா?' என்று வினவுவீர். உண்டு, நன்றாகவே உண்டு. பிராகு நகரின் பழந்தெருக்களில் ஆங்கிலப் பலகைகள் கண்ணைக் குத்துகின்றன. சீட்டு வழங்கும் பொறிகள் ஆங்கிலமும் பேசுகின்றன. இளைஞர் பலர் நம்மவரினும் தடையின்றி ஆங்கிலம் உரைக்கின்றனர். சுலோவேனியப் பல்கலைக்கழகங்களில் ஆங்கிலவழிப் பாடங்கட்கு எத்துணை இடம் தருவது என்பதுபற்றி அண்மை ஆண்டுகளில் கடுஞ்சொற்போரே நிகழ்ந்தது. ஆனால், வேறுபாடு எங்குளது என்பதை உற்று நோக்குதல் வேண்டும். அங்கே ஆங்கிலம் விருந்தினர்க்காகத் திறந்துவைத்த வாயில். இங்கே அது வீட்டார்க்கு எதிராக அடைத்துவைத்த கதவு. அங்கே விலை உயர உயரத் தாய்மொழி விலகுவதில்லை. தெருக்கடையில் வழங்கும் அதே செக்கு மொழி பாராளுமன்றத்தில் உண்டு, அறமன்றத்தில் உண்டு, மருத்துவக் கல்லூரியில் உண்டு. இங்கோ, தேநீர்க் கடையில் தமிழ் உண்டு, குளிரூட்டிய கடையில் அது தேய்கின்றது, உயர்கல்வியில் மெலிகின்றது, உயர் முறைமன்றத்தின் வாயிலில் நின்றே விடுகின்றது. ஏழையின் மொழியாகத் தமிழும் ஏற்றத்தின் மொழியாக ஆங்கிலமும் பிரிந்து நிற்கும் இந்நிலையையே யான் கொணர்ந்த அளவுகோல் முதற்கண் அளந்து காட்டியது.

இந்நிலையை அந்நாட்டார் வானத்திலிருந்து பெற்றனர் என எண்ண வேண்டா. யாம் கண்ட நான்கு நகரங்களும் 1918 வரை ஒரே பேரரசின்கீழ் இருந்தவை. வியன்னா ஆள, ஏனைய மூன்றும் ஆளப்பட்டன. 1784இல் பேரரசர் இரண்டாம் யோசேப்பு அங்கேரி முழுதும் செருமானியமே ஆட்சிமொழி என ஆணையிட்டார். பல மொழி வழங்கும் நாட்டில் ஒரே ஆட்சிமொழி இருப்பின் நிருவாகம் எளிதாகும் என்பதே அவர் கூறிய கருத்து. இக்குரல் நம் செவிக்குப் புதிதன்று! ஆறே ஆண்டில், 1790இல், அவ்வாணையை அவரே திரும்பப் பெற நேர்ந்தது. ஆயின் அது மூட்டிய தீ அணையவில்லை. காசின்சி முதலிய எழுத்தாளர் முனைந்து நின்று ஆயிரக்கணக்கிற் புதுச்சொற்களை ஆக்கி மொழியைப் புதுக்கினர். 1825இல் சேச்செனி என்னும் பெருமகனார் தம் நிலங்களின் ஓராண்டு வருவாய் முழுவதையும் மொழிக்கும் அறிவுக்குமான கழகம் காண அளித்தார். 1844இல் இலத்தீனை அகற்றி அங்கேரியம் ஆட்சிமொழி ஆயிற்று. பேரரசு வீழ்ந்ததற்கு 74 ஆண்டுகள் முன்னரே இது நிகழ்ந்தது என்பதைக் குறித்துக்கொள்க.

செக்கர் நிலை அதனினும் இரங்கத்தக்கதாய் இருந்தது. நகரங்களிலும் அலுவலகங்களிலும் செருமானியமே வீற்றிருக்க, செக்கு மொழி உழவர் குடிலில் ஒதுங்கிக் கிடந்தது. அம்மொழிக்கு 1809இல் பெயர்பெற்ற இலக்கணம் வகுத்த தொபுரோவ்சுக்கி என்னும் பேரறிஞரே அதனைச் செருமானியத்தில் எழுதினார் எனின், நிலைமையை வேறு சொல்லி விளக்க வேண்டுவதில்லை. இந்நிலையை மாற்ற எழுந்தவர் யோசெப்பு யுங்குமன். அவர் அமைச்சரல்லர், செல்வரல்லர், உயர்பள்ளி ஆசிரியர். 1834 முதல் 1839 வரை ஐந்து மடலங்களாகச் செக்கு மொழியின் பேரகரமுதலியை வெளியிட்டார். இல்லாத சொல்லை ஆக்கினார்; மறந்த சொல்லை மீட்டார்; உறவுமொழியினின்று வேண்டியதைத் தழுவிக்கொண்டார். அவர் பெயர் தாங்கிய மன்றில் 1878 முதல் அவர் சிலை அமர்ந்துள்ளது. அதன் அடியில் நெடுநேரம் நின்றோம். பள்ளியாசிரியர் இருவர்க்கு அவ்வூரில் அதனினும் உயர்ந்த காட்சி வேறில்லை.

அவ்வூரின் நாட்டு நாடக அரங்கும் அத்தகையதே. செக்கு மொழியில் நாடகம் நடிக்க ஓர் அரங்கு வேண்டுமென்று ஊர்தோறும் காசு தண்டினர். 1868இல் கால்கோள், 1881இல் திறப்பு, அதே ஆண்டு தீக்கிரை. வேறோர் இனமாயின் ஊழ்வினை என்று கைகட்டி அமர்ந்திருக்கும். அவரோ 47 நாட்களிற் பத்திலக்கம் பொற்காசு மதிப்புள்ள தொகை திரட்டி, 1883இல் மீண்டும் திறந்தனர். மேடையின் முகப்பில், இஃது இந்நாட்டார் தமக்குத் தாமே அளித்துக்கொண்டது என்னும் கருத்தமைந்த இரு சொற்களைப் பொறித்தனர். உள்ளே சென்று நாடகம் காணும் வசதி எமக்கில்லை. ஆற்றின் மறுகரையில் அமர்ந்து, பகலுணவாகிய உரொட்டியை உண்டவாறே அதனை நோக்கிக்கொண்டிருந்தோம். அரசு கட்டிய மாளிகைகள் ஆயிரம் அந்நகரில் உண்டு. மக்கள் கட்டியது அது.

'அவர் தனிநாட்டினர், நாம் அவ்வாறில்லையே' என்று சோம்புவோர் சிலர் நம்மிடை உளர். அவர்க்கு மேற்கூறிய ஆண்டுகளே விடை. 1839 அகரமுதலிக்கும் 1883 அரங்கிற்கும் பின்னரே 1918 வந்தது. முதலில் மொழிக்கு உழைத்தனர். பின்னர் மொழி அவர்க்கு அனைத்தையும் ஈட்டித் தந்தது. 'நம் எண்ணிக்கை போதாது' என்பாரும் உளரோ? செக்கு நாடு, அங்கேரி, சுலோவேனியா ஆகிய மூன்றின் மக்களையும் ஒன்றாகக் கூட்டினும் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிற் கண்ட தமிழ்நாட்டு மக்கள்தொகையாகிய 7 கோடியே 21 இலக்கத்தின் மூன்றிலொரு பங்கை எட்டாது.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கையும் கூறியாக வேண்டும்; கூறாவிடின் கொணர்ந்த அளவுகோல் கோணிவிடும். தம்மேற் செருமானியம் திணிக்கப்பட்டபோது கொதித்தெழுந்த அதே அங்கேரியர், ஆளும் நிலை எய்தியபோது தம் கீழிருந்த சுலோவாக்கியர்மேல் தம் மொழியைத் திணித்தனர். 1863இல் தோன்றிய சுலோவாக்கியரின் பண்பாட்டுக் கழகத்தை 1875இல் மூடினர். 1907ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டத்தால் பிறமொழிக் குழந்தைகள் வாயில் அங்கேரியத்தைப் புகுத்த முனைந்தனர். ஆத்திரியாவின் கரிந்தியா மாநிலத்திலோ, சுலோவேனிய மொழியிலும் ஊர்ப்பெயர் எழுதிய பலகைகளை 1972இல் கூட்டங் கூட்டமாகத் திரண்டு பிடுங்கியெறிந்தனர். 1955ஆம் ஆண்டு உடன்படிக்கை அளித்த அவ்வுரிமை, 164 ஊர்களுக்கு என்று வரையறுக்கப்பட்டு ஒருவழியாக முடிவுற்றது 2011இல்தான். ஒரு பெயர்ப்பலகைக்கு அரை நூற்றாண்டிற்கும் மேலான போராட்டம்! தன் மொழியைக் காத்தல் வேறு. பிறன் மொழியை மிதித்தல் வேறு. முன்னது அறம், பின்னது நாம் எதிர்த்துவரும் அதே கொடுமை. தமிழ்நாட்டு எல்லைக்குள் வாழும் பிறமொழிச் சிறுவன் தன் வீட்டு மொழியைப் பேச அஞ்சுவானாயின், அது தமிழுக்குப் பெருமையாகாது.

இனி, நம் வீட்டை அளப்போம். இங்குச் சட்டமே இல்லை என்பாரில்லை. ஆட்சிமொழிச் சட்டம் 1956 முதல் உண்டு. கடைப்பெயர்ப் பலகையில் தமிழே முதலிடம் பெற வேண்டும் என்னும் அரசாணை 1977 முதல் உண்டு. பொறியியலின் இரு பிரிவுகளை அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் தமிழ்வழியிலும் தொடங்கியது. சென்னை உயர் முறைமன்றத்திற் தமிழ் வழங்க வேண்டுமெனச் சட்டமன்றம் 2006இல் தீர்மானித்தது. இராசத்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் ஆகிய மாநிலங்களின் உயர் முறைமன்றங்களில் இந்திக்குக் கிடைத்த இடம் தமிழுக்கு இன்னுங் கிடைத்திலது. இது தில்லியின் ஓரவஞ்சனை. அதனை எதிர்த்துக் குரலெழுப்பும் கடமை நமக்குண்டு. பாவாணர் பெருமகனார் தலைமையில் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் 1974இற் தொடங்கப்பெற்றது. அவர் 1981இல் மறைய, முதல் மடலம் 1985இல் வெளிவந்தது. ஆக, நமக்கும் யுங்குமன் இருந்தார். அவர் தொகுத்த சொற்களை வாயில் எடுத்துவைக்கும் மக்களாக நாம் இருந்தோமா என்பதே வினா.

ஏனெனில், தில்லி தடுக்காத இடங்களிலும் நாமே தமிழைத் தடுத்துக்கொண்டிருக்கின்றோம். பணம் வழங்கும் பொறியின்முன் நிற்கின்றோம். 'தமிழ்' என்றொரு பொத்தான் ஒளிர்கின்றது. நம் விரல் ஆங்கிலத்தை நோக்கிச் செல்கின்றது. அந்தப் பொறியைத் தில்லியா அழுத்தியது? திருமண அழைப்பிதழை ஆங்கிலத்தில் அச்சிடுமாறு எந்தச் சட்டம் ஏவியது? 'அம்மா' என்றழைக்கும் குழந்தையை 'மம்மி' என்று திருத்துமாறு எந்த அமைச்சரவை ஆணையிட்டது? பிராகு நகரின் கிழவி ஒருத்தி சீட்டுப் பொறியின்முன் தன் மொழியைத் தேர்ந்தெடுக்கும்போது வீரச்செயல் ஒன்றைச் செய்வதாக எண்ணுவதில்லை. அது அவளுக்கு மூச்சு விடுதல் போன்றது. நமக்கோ தமிழ் எழுதுவதே ஒரு போராட்டமாகிவிட்டது. போராட்டமாக இருக்கும் வரை சிலரே செய்வர். பழக்கமாக மாறும்போதுதான் ஊரே செய்யும். அவரிடமிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் அனைத்தும் இந்த ஒன்றனுள் அடங்கும்.

ஆகவே, தமிழன்பர்களே! பொருளுள்ளவர் உலகைச் சென்று காண்க. பொருளில்லாதவரும் சிறுகச் சேர்த்துச் செல்க. செல்லுங்கால் ஆங்கில உறைக்குள் புகாது, அவ்வூர் மக்களோடு மக்களாய் நடந்து, உப்புப் பொட்டலத்தின் மேலுள்ள எழுத்தையும் நோக்குக. மீளுங்கால் இகழ்ச்சியையும் கொணர வேண்டா. வீண்பெருமையையும் கொணர வேண்டா. வந்தபின் செய்யத் தக்கவை பெரியனவல்ல. பொறியில் தமிழை அழுத்துக. தொலைபேசியில் தமிழுக்குரிய எண்ணைத் தெரிந்தெடுத்து, தமிழ் அறியாதவர் பேசின் தமிழறிந்தவரைக் கேட்டுப் பெறுக. கையொப்பத்தையும் பெயரின் முன்னெழுத்தையும் தமிழில் இடுக. தமிழ்ப் பலகையில்லாக் கடைக்காரரிடம் சினமின்றி, ஆனால் விடாது, கேட்டுக்கொண்டே இருங்கள். ஒரு திங்களுக்கு ஒரு தமிழ் நூலேனும் காசுகொடுத்து வாங்குக. ஆசிரியராயிருப்போர் நாளுக்கு ஒரு நற்றமிழ்ச் சொல்லைக் கரும்பலகையின் மூலையில் எழுதிவைக்க. யான் பள்ளி திறந்த நாள்முதல் அவ்வாறே செய்து வருகின்றேன். மாணவர் அதனை வீட்டிற்கு எடுத்துச் செல்கின்றனர்.

நூற்றைம்பது ஆண்டுகட்கு முன்னர் ஒரு சிறு நாட்டு மக்கள் எரிந்துபோன அரங்கை 47 நாளிற் காசு திரட்டி மீட்டனர். நம் அரங்கு எரியவில்லை. ஏழு கோடி மக்கள் உள்ளிருந்தும் விளக்கேற்றாமையால் இருண்டு கிடக்கின்றது. விளக்கேற்றுதற்கு எவர் இசைவும் நமக்கு வேண்டுவதில்லை.